என் செருப்பின் மேல் அவருக்கு ஒரு கண்

1

முதலில் எல்லாரும் மன்னித்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்தை ஜெபப் புத்தகம் வாசிக்க வைத்துக்கொண்டேனே தவிர, இப்படி நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதியதில்லை. மறதி வேறு. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் இன்னொன்று வந்து வழியில் படுத்துக்கொள்கிறது. நம் கோவில் பத்திரிகையான பங்கு மலரைப் பார்த்துக்கொள்கிற டீச்சரம்மா எழுதித் தரச்சொல்லிப் போனில் கேட்டபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நம் ஊர் கொட்டச்சேட்டில் என்னைப் பற்றி நடக்கிற பேச்சு அப்படி.

மே மாதம் மாதா திருவிழாவுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். என் மகன் அந்தோணி வீட்டுக்கு வெள்ளையடித்து வைத்திருந்தான். நான் வரவில்லை. உடனே, ஆரோக்கியத்துக்குக் (அது நான்தான்) கனடாவில் கால் உடைந்துவிட்டது என்று ஒரு பேச்சு. மகள் பிடித்து வைத்துக்கொண்டு வேலை வாங்குகிறாள் என்று ஒரு பேச்சு. நான் பேண்ட் போட்டுக்கொண்டு திரிவதால் ஊர் முகத்தில் விழிக்க வெட்கப்படுகிறேன் என்று ஒரு பேச்சு. இந்தக் கடைசிப் பேச்சைக் கிளப்பியது யார் என்று எனக்குத் தெரியும். பேர் சொல்ல மாட்டேன். லூர்து, நீ சிரிக்காதே.

லூர்துவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எஸ்டேட்டில் பக்கத்துப் பக்கத்துச் செடியில் என்னோடு காப்பிப்பழம் பறித்தவள். பிற்பாடு எனக்கு நாத்தனார் ஆனாள். அது எப்படி என்பதும் இந்தக் கதையில் வரும்.

பேண்ட் போடுவது உண்மை. சேலைக்கு உள்ளே போடுகிறேன். இங்கே குளிர் அப்படி. மற்றதெல்லாம் பொய்.

2

என் மகள் ஸ்டெல்லா இங்கே வயதானவர்கள் தங்குகிற இல்லத்தில் நர்ஸ். மாப்பிள்ளை சகாயம் சேலத்துக்காரர், மரக்கடையில் வேலை. பேத்தி ஜெனி பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். காலையில் மூன்று பேரும் கிளம்பிப் போன பிறகு வீடு கல்லறைத் தோட்டம் மாதிரி ஆகிவிடும். ஜன்னலுக்கு வெளியே பனி. நம் ஊர்ப் பனிமூட்டம் வரும், போகும். இது வந்தால் உட்கார்ந்துகொள்கிற பனி.

தினமும் ஜெபமாலை முடிந்ததும் கடவுளிடம் ஒரே கேள்விதான் கேட்பேன். என்னை எதற்கு இங்கே கொண்டுவந்து வைத்தாய்? ஊரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. யாருக்காவது காய்ச்சலாக இருக்கும், கஞ்சி கொண்டுபோக வேண்டும். யார் வீட்டிலாவது பேறுகாலம், போய் நிற்க வேண்டும். இங்கே யாருக்கும் என் கஞ்சி வேண்டாம். ஜெனிக்குக்கூட வேண்டாம். நான் இட்லி வைத்தால், "அம்மாயி, நான் ஃபுல்" என்று சொல்லிவிட்டு, அறைக்குள் போய் வேறு எதையோ கொறிப்பாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் வருவதில்லை, நீச்சல் வகுப்பு. திட்டவும் முடியாது. நான் தமிழில் திட்டினால் அவள் ஆங்கிலத்தில் ஸாரி சொல்கிறாள், அதற்கு மேல் சண்டை நகர மாட்டேன் என்கிறது.

நான் இங்கே வந்ததே பெரிய பாடு. சென்னை விசா ஆபீசில் விரல் ரேகை பதிய வேண்டும் என்றார்கள். கண்ணாடியின் மேல் விரலை வைத்தால் மெஷின் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தப் பெண் துடைத்துப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள், எண்ணெய் மாதிரி ஏதோ தடவிப் பார்த்தாள். கடைசியில், "பாட்டிம்மா, உங்களுக்கு ரேகையே இல்லீங்களே, என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டாள். காப்பி பறித்தேன் என்றேன். எல்லா ரேகையையும் செடிக்கே கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரிய அதிகாரி வந்து பார்த்து ஏதோ எழுதி, ஒரு வழியாக விட்டார்கள்.

இவ்வளவு பாடுபட்டு வந்தவள் இரண்டு குளிர்காலம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். அதனால் கடவுளோடு ஒரு கண்டிஷன் போட்டேன். திருவிழாவுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அதற்குள் நான் எதற்கு இங்கே என்று நீ சொல்லிவிட்டால் திருவிழா பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். சொல்லாவிட்டால் வர மாட்டேன், கொட்டச்சேட்டிலேயே இருந்துகொள்வேன். இதை ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள்.

உள்ளதைச் சொன்னால், அவர் பேசாமல் இருந்துவிட வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை.

3

இங்கே கோவிலுக்குள் எல்லாரும் செருப்போடு போகிறார்கள். எனக்கு அது ஒத்துக்கொள்ளவே இல்லை. வேதத்தில், எரிகிற முட்செடிக்கு முன்னால் செருப்பைக் கழற்றச் சொன்ன ஆண்டவர் இந்த ஊருக்கு வந்ததும் மனசு மாறிவிட்டாரா? ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் என் கை தானாகப் பூட்ஸுக்குப் போகும். ஸ்டெல்லா, "போட்டுட்டே வாங்கம்மா" என்று காதருகே சொல்லி உள்ளே தள்ளிக்கொண்டு போவாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு ஸ்டெல்லாவுக்கு டியூட்டி. மாப்பிள்ளை என்னைக் கோவில் வாசலில் இறக்கிவிட்டு, ஜெனியை நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தனியாக நின்றேன். வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே ஒரு சின்ன அறை. சுவரோரம் பைகள் வரிசையாக இருந்தன. சில பைகளுக்குப் பக்கத்தில் செருப்புகள், பூட்ஸுகள். ஆகா, இன்றைக்கு எல்லாரும் புத்தி வந்து கழற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். என்னுடையதையும் கழற்றி வரிசையில் வைத்தேன். கம்பளிக் காலுறையோடு உள்ளே போனேன். அன்றைக்குத்தான் அந்தக் கோவில் எனக்குக் கோவிலாக இருந்தது. பூசை முழுவதும் காலுக்குக் கீழே தரை குளிர்ந்துகொண்டே இருந்தது, எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பூசை முடிந்து வந்து பார்த்தால் சுவரோரம் வெறும் சுவர்தான் இருந்தது. பைகளைக் காணோம், என் பூட்ஸையும் காணோம்.

இரண்டு வருஷமாக அந்தக் கோவிலில் நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை. தலையை ஆட்டுவேன், அவ்வளவுதான். அன்றைக்கு ஊர் முழுக்க என் காலைப் பார்த்தது. சாமியார் குனிந்து பார்த்தார். ஒரு வயதான அம்மா என் தோளைத் தடவினார். ஒரு பெரியவர் காரிலிருந்து இரண்டு மளிகைப் பைகளைக் கொண்டுவந்து, ஒவ்வொரு காலிலும் ஒன்றை மாட்டி, கணுக்காலில் முடிச்சுப் போட்டுவிட்டார். எனக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலமான தேங்க்யூவை எல்லாருக்கும் பங்கு வைத்துக் கொடுத்தேன். மாப்பிள்ளையும் ஜெனியும் வந்தபோது மளிகைப் பைக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

ஜெனி அக்கம்பக்கம் பார்த்தாள். "அம்மாயி, ப்ளீஸ், யாராச்சும் பாக்கறதுக்குள்ள கார்ல ஏறுங்க."

எல்லாரும்தான் பார்த்தாகிவிட்டதே கண்ணு என்றேன்.

சாமியார்தான் விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். அந்தப் பைகள், புதிதாக நாடு விட்டு வந்தவர்களுக்காகச் சேர்த்த குளிர்கால உடுப்புகளாம். பூசை நடக்கும்போதே வண்டியில் ஏற்றிவிட்டார்களாம். என் பூட்ஸும் தர்மத்துக்குப் போய்விட்டது.

4

காரில் வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு மட்டும் உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. ஏனென்றால் இது எனக்கு முதல் தடவை இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு திருவிழா. ஏற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் பாய் கடையில் வாழ்க்கையில் முதல்முறையாகச் செருப்பு வாங்கியிருந்தேன். பச்சை வார் வைத்த ரப்பர் செருப்பு. புது வார் கட்டைவிரல் பக்கம் கடித்துக்கொண்டே இருந்தது. ஆசைப்பட்டு வாங்கியதைக் குறை சொல்லக் கூச்சம், யாரிடமும் சொல்லவில்லை. கோவில் வாசலில் செருப்பு மலை மாதிரி குவிந்திருக்கும் என்பதால், நம் வழக்கப்படி அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டி, ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போனேன்.

தேர் சுற்றி முடிந்து வந்து பார்த்தால் செருப்பு இல்லை. தேடினேன், தேடினேன், கொட்டச்சேட்டுப் பஸ் போகும்வரை தேடினேன். என்னோடு சேர்ந்து தேடியதால் லூர்துவும் அவள் அண்ணன் சூசையும் பஸ்ஸை விட்டுவிட்டார்கள். சூசை எஸ்டேட்டில் காப்பிப்பழத் தோல் உரிக்கிற மெஷினில் வேலை செய்தவர். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு வார்த்தை பேசுவார். நானே ஒரு வார்த்தைதான் பேசுவேன் என்றால் அவர் எவ்வளவு பேசியிருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடந்தே போனோம். லூர்து மட்டும் என்ன அவசரமோ, வேகமாக முன்னால் போய்விட்டாள். நான் வெறுங்காலோடு கல்லில் தடுமாறுவதைப் பார்த்து, சூசை தன் செருப்பைக் கழற்றி என் முன்னால் வைத்தார். படகு மாதிரி இருந்தது. போட்டுக்கொண்டு தடக் தடக் என்று நடந்தேன். ஊர் வந்து சேரும்வரை அவர் சொன்னது ஒன்றே ஒன்று.

"கல்லு பாத்து வாங்க."

அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம். அவர் சாகும்வரை, என் செருப்பைத் திருடியவன் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே இருந்தார்.

5

மாப்பிள்ளைக்கு மனசு ஆறவில்லை. மகள் ஆசையாக வாங்கிக் கொடுத்த பூட்ஸை விடக்கூடாது என்று, உடுப்புகளைக் கொடுக்கிற கூடத்துக்கு என்னையும் ஜெனியையும் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே மேசை மேசையாகத் துணி. ஒரு கறுப்புப் பெண் நின்றுகொண்டிருந்தாள். நிறைமாதத்துக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும், வயிறு முன்னால் வந்திருந்தது. காலில் என் பூட்ஸ். இங்கே வந்தும் விடாத பழக்கம், பூட்ஸின் காதில் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். அது அவள் காலில் அழகாக ஆடிக்கொண்டிருந்தது.

"அத்தை, அதுதானுங்களே உங்க பூட்ஸ்?" என்றார் மாப்பிள்ளை.

இல்லைங்க மாப்பிள்ளை என்றேன். பொய்தான். பிறகு பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். நான் தமிழில் சொன்னேன், சாமியார் ஆங்கிலத்தில் மன்னித்தார்.

ஆனால் என் கண் பூட்ஸிலேயே நின்றதை அவள் பார்த்துவிட்டாள். பக்கத்தில் வந்து, கோட்டுப் பையிலிருந்து இரண்டு சின்னத் துணி முடிச்சுகளை எடுத்துக் காட்டினாள். என் முடிச்சுகள்! ஈரவாடை போகட்டும் என்று காப்பித்தூளை முடிந்து பையிலேயே வைத்திருந்து, கழற்றும்போதெல்லாம் பூட்ஸுக்குள் போடுவேன், நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற செடியில் விளைந்த காப்பி, அந்தோணி அனுப்பியது. அவள் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடினாள். பிறகு ஏதோ கேட்டாள்.

"இது உங்களுதான்னு கேக்கறாங்க, அம்மாயி." ஜெனி என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பொய் அம்பலமானது.

அப்படியானால் பூட்ஸ் எப்படி இங்கே வந்தது என்று அவள் கேட்க, ஜெனி முகம் சிவக்கச் சிவக்கச் சொன்னாள். எங்கள் பாட்டி கோவில் வாசலில் கழற்றிவிட்டுப் போனார் என்று. துணி எடுத்துக் கொடுக்கிறவர்கள் சிரித்தார்கள். மோசமான சிரிப்பு இல்லை. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றக் குனிந்தாள். வயிறு குனிய விடவில்லை. குனிந்தபடியே ஜெனியிடம் ஏதோ சொன்னாள்.

"அவங்க எத்தியோப்பியாவாம். அவங்க சர்ச்லயும் யாரும் ஷூ போட்டுட்டு உள்ள போக மாட்டாங்களாம். அவங்களும் இங்க வந்து ஒருநாள் வெளில கழட்டிட்டாங்களாம்." ஜெனியின் குரலில் ஆச்சரியம். உலகத்தில் தன் அம்மாயி ஒருத்திதான் இப்படி என்று அதுவரை நினைத்திருந்தாள் போல.

நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் அவிழ்த்த நாடாவைத் திரும்ப இழுத்துக் கட்டினேன். கோவிலில் பாதம் கழுவுகிற பெரிய வியாழனுக்கு இன்னும் நாள் இருந்தது.

அவள் பெயர் அல்மாஸ். காப்பி முடிச்சைக் காட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காற்றில் கிள்ளினாள். எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? நானும் கிள்ளினேன். அவள் பச்சையாகத் தொங்குகிற ஒன்றைத் தொட்டுவிட்டு, தலையாட்டி விட்டுவிட்டாள். நான் பழுத்ததைப் பறித்து இடுப்புக் கூடையில் போட்டேன். அந்தக் கூடத்தில் இல்லாத காப்பிச் செடியில் இரண்டு பேரும் பழம் பறித்தோம். மாப்பிள்ளை சங்கடத்தோடு கார் சாவியை ஆட்டிக்கொண்டிருந்தார். அவள் என் விரல் நுனிகளைப் பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டு, தன்னுடையதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவளுக்கும் வழுவழுவென்றுதான் இருந்தது. அவளை எந்த மெஷின் எப்படிப் பதிந்ததோ.

6

அதற்குப் பிறகு அல்மாஸ் வாரம் தவறாமல் வர ஆரம்பித்தாள். பச்சைக் காப்பிக்கொட்டையைக் கொண்டுவந்து எங்கள் அடுப்பிலேயே வாணலியில் வறுத்தாள். புகை மேலே போனதும் கூரையில் இருக்கிற மணி ஊளையிட்டது. ஸ்டெல்லா துண்டை விசிறிக்கொண்டு ஓடிவந்தாள். அல்மாஸ் ஊற்றிய காப்பி மாடு இறங்கிக் கலக்கிய குளம் மாதிரி கறுப்பு. நான் கொடுத்த பால் காப்பியை அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, மரியாதைக்குச் சிரித்தாள். காப்பி விஷயத்தில் எங்களுக்குள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

அவள் வீட்டுக்காரர் வேறொரு நாட்டில் பேப்பருக்காகக் காத்திருக்கிறார். அம்மா ஊரில். இங்கே யாரும் இல்லை. ஏப்ரலில் ஒருநாள் ஜெனியை உட்கார வைத்து நெடுநேரம் பேசினாள். ஜெனி என்னிடம் வந்தாள்.

"ஆஸ்பத்திரில பக்கத்துல ஒருத்தர் இருக்கலாமாம். நீங்க இருக்கீங்களான்னு கேக்கறாங்க, அம்மாயி."

எப்போது என்றேன். சொன்னாள். என் டிக்கெட் இருந்த அதே வாரம்.

ஜெனி தமிழில்தான் சொன்னாள். இருந்தாலும் புரியாதவள் மாதிரி அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவி வைத்த பாத்திரம்தான்.

அன்றைக்குக் கடவுளோடு பெரிய வாக்குவாதம். எதற்கு இங்கே என்று நான்தான் கேட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு குளிர்காலம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, டிக்கெட் எடுத்த வாரத்திலா பதில் சொல்வாய்? என் நாக்கைப் பயன்படுத்து, என் கையைப் பயன்படுத்து என்று நான் ஜெபித்தபோதெல்லாம் சும்மா இருந்துவிட்டு, கேட்காமலே பூட்ஸை எடுத்துக்கொண்டாயே? அவர் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

ஸ்டெல்லாதான் அறைக்கு வந்தாள். என் பெட்டி திறந்து கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போறதுன்னா போங்கம்மா. அந்தப் புள்ளைக்கு நான் யாரையாச்சும் ஏற்பாடு பண்றேன்." பெட்டியில் மேலாக இருந்த ஸ்வெட்டரைத் தொட்டாள். "திருவிழாவுக்குப் போறவங்க ஸ்வெட்டர் ஒண்ணுகூட விடாம எதுக்கும்மா எடுத்து வெச்சிருக்கீங்க? திரும்பி வர மாட்டீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க."

என் கண்டிஷன் கடவுளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

7

கடைசியில் லூர்துவுக்குப் போன் போட்டேன். அங்கே இருக்க வேண்டாம், ஊருக்கு வா என்று அவள் சொன்னால் வந்துவிடலாம் என்று எண்ணம். முதலில் எதிர்பார்த்தபடியேதான் பேசினாள். தனக்கு முட்டி வலி, கண் மங்கல், அடுத்த திருவிழாவுக்கு இருப்பேனோ மாட்டேனோ, இந்த வருஷம் பார்க்காவிட்டால் சவப்பெட்டியில்தான் பார்க்க வேண்டும் என்றெல்லாம். பிறகு பூட்ஸ் போன கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

"உன்ற செருப்பு தொலைஞ்சா யாராச்சும் ஒருத்தர் வந்து சேருவாங்கன்னு தெரியாதா புள்ள? போன வாட்டி எங்கண்ணன் வந்தான்."

நான் திருவிழாவைப் பற்றிக் கேட்டேன். மாதாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே என்றேன்.

"மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா. அவளும் ஊரு விட்டு ஊரு போயிப் பெத்தவதானே. பக்கத்துல ஒரு பொம்பளை இருந்தாளோ இல்லையோ, பாவம்." உடனே அதட்டினாள். "நீ இருடி. நான் சாவ மாட்டேன். ஊட்டுல நொம்ப வேலை கெடக்குது."

டிக்கெட்டை மாற்றச் சொல்லி மாப்பிள்ளையிடம் சொன்னேன்.

8

பெண் குழந்தை. பேறு அறை வாசலில் பழக்கத்தில் என் கை செருப்புக்குப் போனது. ஸ்டெல்லா தோளைப் பிடித்து, "போட்டுட்டே போங்கம்மா" என்றாள். உள்ளே நான் ஒன்றும் செய்யவில்லை. அல்மாஸ் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் அவள் பாஷையில் கத்த, நான் நம் பாஷையில் "அவ்வளவுதான் சாமி, அவ்வளவுதான் கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் பெயரை வைப்பாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். வைக்கவில்லை.

ஜெனி இப்போதும் ஞாயிற்றுக்கிழமை நீச்சலுக்குத்தான் போகிறாள். அல்மாஸ் வீட்டுக்கு என்றால் மட்டும் கூப்பிடாமலே காரில் ஏறுகிறாள். இதைக் கோவிலுக்குப் போன கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் நடந்த பிறகு நான் உஷாராகிவிட்டேன். எது நடந்தாலும், இதில் அவர் என்ன வைத்திருக்கிறாரோ என்று பார்க்கிறேன். அதிலும் அளவு வேண்டும். ஒருநாள் பஸ் தவறிவிட்டது. சரி, யாரையோ அனுப்பப் போகிறார் என்று குளிரில் ஆவலாகக் காத்திருந்தேன். அடுத்த பஸ்தான் வந்தது.

அடுத்த திருவிழாவுக்கு வருகிறேன், திரும்பிப் போகிற டிக்கெட்டோடு. லூர்து இருந்தே ஆக வேண்டும்.

டீச்சரம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். நான் மறதிக்காரி, இதில் உள்ள விவரங்களை யாராவது சரிபார்த்துவிட்டு அச்சடியுங்கள். நாங்கள் நடந்து போனது தேர்த் திருநாளன்றா, கொடியிறக்கத்தன்றா என்று சந்தேகம். அதைவிட முக்கியமாக இன்னொன்று. பூட்ஸ் கதையைக் கேட்ட அன்று போனை வைக்கும் முன்னால் லூர்து பழைய நினைவில், "நல்ல செருப்புதான் அது, கட்டைவிரல்கிட்டதான் வாரு கொஞ்சம் கடிக்கும்" என்று சொன்னாள். அது கடிக்கும் என்று நான் இந்த ஜென்மத்தில் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட. அன்றைக்கு என் செருப்பை எடுத்தது கடவுளா, தன் அண்ணனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியா என்று யாராவது அவள் வீட்டுக்குப் போய் நேரில் கேட்டுச் சொல்லுங்கள். போனில் கேட்டால் சிரிக்கிறாள்.